கடல் கடந்தோர் கதையும் பாரதியார் கற்பித்த விளக்க உரைநடையும்

உரைநடை வகைகளுள் மாணவர்க்கு மிகவும் அரிதாக வாய்ப்பது விளக்க உரைநடையே ஆகும். ஒருவரைப் புகழ்ந்து எழுதுமாறு கூறினால் நம் மாணவர்கள் தயங்காமல் எழுதுவர். மாலைப் பொழுதை வருணிக்கச் சொன்னாலும் பக்கங்கள் நிறைந்துவிடும். ஆனால் உப்பளத்தில் உப்பு எவ்வாறு விளைகின்றது, ஒரு குடும்பம் ஏன் ஊரைவிட்டுப் பெயர்ந்தது, ஓர் ஒப்பந்தம் ஒரு தொழிலாளியை எவ்வாறு கட்டிப்போடுகின்றது என்பவற்றை அறியாத ஒருவர் அறியும் வண்ணம் எழுதுக என்றால் எழுதுகோல் நின்றுவிடுகின்றது. சொல் பஞ்சம் இதற்குக் காரணமன்று. ஏன், எவ்வாறு என்னும் வினாக்களைத் தொடர்ந்து கேட்கும் பழக்கம் இல்லாமையே காரணமாகும்.

இக்குறையைக் களைய அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் கையாளப்படும் வழிகளுள் ஒன்று ஈண்டு எண்ணத்தக்கது. அங்கே குடியேறிய சீனர்களின் வாழ்க்கைக் கதைகளை மாணவர்களைப் படிக்கச் செய்து, அவற்றின் வழியே விளக்கக் கட்டுரை எழுதப் பயிற்றுகின்றனர். மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1976-இல் வெளியிட்ட 'தி வுமன் வாரியர்', ஏமி டான் 1989-இல் வெளியிட்ட 'தி ஜாய் லக் கிளப்' ஆகிய நூல்கள் அங்குள்ள வகுப்பறைகளில் பரவலாகப் பயிலப்படுகின்றன. சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1882-இல் இயற்றியது. அது 1943-இல்தான் நீக்கப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை சீனர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்கள் தங்கள் துயரத்தை மரச்சுவர்களில் கவிதைகளாகச் செதுக்கி வைத்தனர். இச்செய்திகளைப் படிக்கும் மாணவர்க்குச் சட்டம் என்றால் என்ன, பிழைப்பு என்றால் என்ன, மொழி இழப்பு என்றால் என்ன என்ற வினாக்கள் தாமே எழுகின்றன. கதை வினாவை எழுப்புகின்றது. கட்டுரை விடை தேடுகின்றது.

தமிழில் இத்தகைய பயிற்சிக்கு நாம் யாரிடம் செல்வது? வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. அந்தச் சட்டம் பிறந்த அதே 1882-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரே அதற்குரிய ஆசிரியர். பாட்டுக்கொரு புலவராகவே அவரைப் போற்றிப் பழகிய நாம், உரைநடை ஆசிரியராக அவரை எண்ணுவது குறைவு. புலம்பெயர்ந்தோர் வாழ்வைக் கண்டும் கேட்டும், தாமே புலம்பெயர்ந்து வாழ்ந்தும், அதனைத் தமிழர்க்கு எடுத்துரைத்தவர் அவர். அந்த நோக்கில் அவர் வாழ்வைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டயபுரமும் காசியும்

பாரதியார் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஐந்தாம் அகவையில் தாயை இழந்தார். பதினோராம் அகவையில் எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்து அடங்கிய ஊரும் இதுவே. கரிசல் காட்டின் நடுவே அமைந்த ஒரு சிற்றூர், இசுலாமியத் தமிழின் பெருங்காப்பியப் புலவரையும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழின் தலைமகனையும் தன்னுள் கொண்டிருப்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

சின்னசாமி ஐயர் எந்திரத் தொழிலில் நாட்டம் மிக்கவர். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்றை நிறுவ முயன்றார். வெள்ளையர் வணிகப் போட்டியின் முன் அம்முயற்சி நிலைக்கவில்லை. பொருளும் போயிற்று; மனமும் நொந்தது. 1898-இல் அவர் மறைந்தார். அப்போது பாரதியாருக்கு வயது பதினைந்து. முந்திய ஆண்டில்தான் கடையத்துச் செல்லம்மாளை மணந்திருந்தார். கரிசல் நிலத்துப் பருத்தியை விளைவித்தவர் நம்மவர். அதன் ஆதாயம் சென்ற இடமோ வேறு. ஒரு குடும்பம் ஏன் வறுமையுற்றது என்னும் வினாவுக்கு விடை அக்குடும்பத்திற்குள் மட்டும் இராது, உலக வணிகத்திலும் இருக்கும் என்பதை அவர் நூலில் படித்து அறியுமுன்பே வீட்டில் கண்டறிந்தார் எனலாம்.

தந்தையை இழந்த சிறுவர் காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாள் வீட்டுக்குச் சென்றார். 1902 வரை அங்கே வாழ்ந்து வடமொழியும் இந்தியும் கற்றார். நெல்லைச் சீமையில் பிறந்தவர் வேறு மொழி பேசும் நகரத்தில், வேறு உடையும் வேறு உணவும் கொண்ட மக்களிடையே, உறவினர் ஆதரவில் வளர்ந்தார். தலைப்பாகையும் மீசையும் அவருக்கு அங்கே அமைந்தவை. இளமையில் பெற்ற இந்த முதற் புலப்பெயர்வு, தமிழ்நாட்டைச் சற்றுத் தொலைவில் நின்று காணும் பார்வையை அவருக்கு அளித்தது.

வகுப்பறையும் செய்தி அறையும்

காசியிலிருந்து மீண்ட பாரதியார் எட்டயபுரம் சமீன்தாரிடம் பணிபுரிந்தார். அப்பணி அவர் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. 1904 ஆகஸ்டுத் திங்களில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கே தமிழாசிரியராயிருந்த அரசஞ் சண்முகனார் விடுப்பில் சென்றமையால் ஏற்பட்ட தற்காலிக இடம் அது. நவம்பரில் அப்பணி முடிந்தது. தமிழாசிரியர் என்னும் பெயரில் அவர் சம்பளம் பெற்றது அந்த நூறு நாட்கள் மட்டுமே. ஆயினும் அவர் கற்பித்த காலம் அத்துடன் முடியவில்லை. வகுப்பறை மட்டுமே மாறிற்று.

அதே நவம்பரில் சென்னையில் 'சுதேசமித்திரன்' நாளிதழின் துணையாசிரியரானார். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார இதழாகத் தொடங்கி 1899-இல் நாளிதழாக்கிய ஏடு அது. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதே அங்கே பாரதியாரின் முதன்மையான பணி. இப்பணியின் கடுமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உருசிய சப்பானியப் போரை, வங்கப் பிரிவினையை, நாடாளுமன்ற விவாதத்தை, உலகப் படத்தையே கண்டிராத ஒரு கிராமத்து வாசகர் விளங்கிக்கொள்ளுமாறு எழுத வேண்டும். அணிநயத்துக்கு அங்கே இடமில்லை. யார், எங்கே, எதனால் என்பன தெளிவாக வேண்டும். விளக்க உரைநடையின் இலக்கணத்தைப் பாரதியார் கற்ற பள்ளி அந்தச் செய்தி அறையே எனின் மிகையன்று.

1905-இல் பெண்களுக்கான 'சக்கரவர்த்தினி' மாத இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றார். 1906-இல் 'இந்தியா' வார இதழ் தோன்றிற்று. தென்னாட்டில் அரசியல் கேலிச் சித்திரத்தை வாரந்தோறும் வெளியிட்ட முன்னோடி இதழ் அது. எழுத்தறியாதவரும் படம் பார்த்துப் பொருள் உணரலாம். அருகிருப்பவர் படித்துக் காட்ட விளக்கமும் கேட்கலாம். வாசகரின் நிலையறிந்து கற்பிக்கும் ஆசிரியப் பண்பு இதிலும் புலனாகின்றது.

உரைநடையைக் குறித்து அவர் கொண்டிருந்த கொள்கை தமிழ் வசனநடை பற்றிய அவருடைய கட்டுரையில் காணப்படுகின்றது. பேச்சை ஒட்டியதாக எழுத்து அமைதல் வேண்டும் என்பதும், எழுதப்புகும் பொருளை முதலில் வாயால் சொல்லிப் பார்த்தல் நன்று என்பதும், நெஞ்சில் நேர்மையும் துணிவும் இருப்பின் எழுத்து நேராக அமையும் என்பதும் அதன் சாரமாகும். நடையின் சிறப்பை நெஞ்சின் நேர்மையோடு இணைத்துக் காட்டிய இக்கருத்து ஒவ்வொரு கட்டுரை வகுப்பிலும் முதற்பாடமாக வைக்கத்தக்கது.

தூத்துக்குடித் துறைமுகம் தந்த பாடம்

பாரதியாரின் உரைநடை வாழ்வில் தூத்துக்குடிக்குத் தனியிடம் உண்டு. அக்காலத்தில் இத்துறைமுகம் பருத்தியும் உப்பும் கருவாடும் ஏற்றுமதியாகும் துறையாக மட்டும் இருக்கவில்லை. மனிதரும் இங்கிருந்து ஏற்றப்பட்டனர். இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய தொழிலாளர் கூட்டம் கூட்டமாக இங்கிருந்து கொழும்புக் கப்பல் ஏறிற்று. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து அமையும் வரை தென்பாண்டி மக்கள் கண்டிச் சீமைக்குச் செல்லும் தலைவாயில் இதுவே. காயல்பட்டினத்து வணிகரும் இவ்வழியே கொழும்பு சென்று மீண்டனர். ஒரே கடல், ஒரே கப்பல். எனினும் வணிகர் விரும்பியபோது மீள இயலும், கடனில் கட்டுண்ட தொழிலாளிக்கு அது இயலாது. புலப்பெயர்வு என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் இவ்விரு வேறு வாழ்வுகளையும் பிரித்துணர்ந்து எழுதுவதே விளக்கத்தின் தொடக்கம்.

இக்கடல் வழியில் கப்பலோட்டும் உரிமை ஆங்கிலேயக் குழுமத்தின் கையில் இருந்தது. அதனை எதிர்த்து ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் குழுமத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் அளித்து இம்முயற்சிக்கு முதுகெலும்பாய் நின்றார். அந்த ஐந்தில் ஒரு பங்கை நாம் மறத்தலாகாது. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களும் தூத்துக்குடியை அடைந்தன. ஆங்கிலேயக் குழுமம் கட்டணத்தைக் குறைத்துச் சுதேசிக் கப்பலை நலிவிக்க முனைந்தது.

'இந்தியா' இதழ் இந்நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து வெளியிட்டது. கப்பல் வாங்கியதைப் போற்றிப் பாடுவதோடு பாரதியார் நின்றிருக்கலாம். ஆனால் கட்டணம் குறைவது மக்களுக்கு நன்மைபோலத் தோன்றினும் பின்னர் எவ்வாறு தீமையாகும் என்பதை வாசகர் உணர வேண்டிய காலம் அது. அவ்வுணர்வை எழுப்பும் பணியில் அவர் இதழ் முன்னின்றது. 1908 மார்ச்சுத் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடுத்து வ. உ. சி. கைதானார். சூலை 7-ஆம் நாள் இரட்டைத் தண்டனையாக நாற்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் 'இந்தியா' இதழின் சட்டப்படியான ஆசிரியர் கைது செய்யப்பட்டார். நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் பிரஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் புறப்பட்டார்.

புதுவையில் அயலவர்

பத்து ஆண்டுகள் அவர் புதுவையில் வாழ்ந்தார். தமிழ் பேசும் ஊரேயாயினும் அது வேறு அரசின் நிலம். ஒற்றர் பின்தொடர்ந்தனர், கடிதங்கள் பிரிக்கப்பட்டன. பிரித்தானிய இந்தியாவுக்குள் 'இந்தியா' இதழ் நுழையத் தடை வந்தமையால் 1910 மார்ச்சில் அது நின்றுபோயிற்று. எழுதுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு எழுத ஏடில்லை. அடைக்கலம் புகுந்தவர் வாழ்வின் இயல்பெல்லாம் அவர் வாழ்வில் அமைந்தது: அண்டை அயலாரின் அன்பு, கடன், காத்திருப்பு, எல்லைக்கு அப்பாலுள்ள ஊரின் ஏக்கம்.

இந்த நெருக்கடியே அவர் எழுத்துக்கு வளமாயிற்று. 'பாஞ்சாலி சபதம்' முதற்பகுதி 1912-இல் வெளிவந்தது. எளிய சொல்லும் எளிய நடையும் கொண்டு, ஓரளவு படித்தவரும் பொருள் உணரக் காவியம் செய்தல் வேண்டும் என்னும் தம் கொள்கையை அதன் முகவுரையில் அவர் விளக்கினார். பின்னர்ச் 'சுதேசமித்திரன்' மீண்டும் அவருக்கு இடமளித்தபோது காளிதாசன், சக்திதாசன் முதலிய புனைபெயர்களில் கட்டுரைகள் வரைந்தார். 'தராசு' என்னும் தொடரில் ஒரு கடையும் அதன் தராசும் பாத்திரங்களாயின. வருவோர் தம் ஐயத்தைக் கேட்பர்; தராசு நிறுத்துப் பார்த்து விடை பகரும். கதையின் வடிவில் விளக்கக் கட்டுரை எழுதும் வழியை இதைவிட எளிதாகக் காட்டிய தமிழ் எழுத்து அக்காலத்தில் அரிது. சப்பானுக்குக் கல்வி தேடிச் சென்று, நாடு திரும்பிப் புரட்சியில் ஈடுபட்டு, 1907-இல் மரணதண்டனை பெற்ற சீன வீராங்கனை சியூ சீன் பற்றியும் அவர் தமிழ்ப் பெண்களுக்கு எடுத்துரைத்தார்.

தேசியக் கல்வி பற்றிய கட்டுரையில் ஊர்தோறும் அமைய வேண்டிய பள்ளியின் பாடத்திட்டத்தையே அவர் வகுத்துக் காட்டினார். வரலாறு, நிலநூல், பொருள் நூல், கைத்தொழில், உடற்பயிற்சி ஆகியவற்றோடு யாத்திரையையும் ஒரு பாடமாகச் சேர்த்தார். பயணம் சென்று காண்பதும் கண்டதைத் தமிழில் எடுத்துரைப்பதும் கல்வியின் பகுதி என்பது அவர் துணிபு.

கரும்புத் தோட்டமும் கணக்கும்

கடல் கடந்த தமிழரைப் பற்றிய பாரதியாரின் படைப்புகளுள் மக்கள் நெஞ்சில் நிலைத்தது, பிஜித் தீவின் இந்தியப் பெண்களைக் குறித்த கரும்புத் தோட்டப் பாடலாகும். தென்கடல் தீவொன்றில் கைகால் சோர உழைக்கும் பெண்கள், செக்குமாடுபோல் உழலும் வாழ்வு, தாய்நாட்டை நினைத்து வடிக்கும் கண்ணீர், காக்க ஒருவருமில்லாத மானம் ஆகியவற்றை அது படம்பிடிக்கின்றது. பாடியவர் பிஜியைக் கண்டவரல்லர். செய்தித்தாள் வழியும் பிறர் சொல்லக் கேட்டும் அறிந்த துயரத்தை அவர் தம் துயரமாக்கிக்கொண்டார். 'தமிழச் சாதி' என்னும் முற்றுப்பெறாத பாடலிலும் தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்கும் தீவுகளுக்கும் சென்று வருந்தும் தமிழரை எண்ணிக் கலங்கினார். தென்னாப்பிரிக்க இந்தியரின் உரிமைப் போராட்டத்தை 'இந்தியா' இதழ் தமிழருக்கு உணர்த்தியது. அப்போராட்டத்தில் காந்தியடிகளுடன் அங்கிருந்த சீனர்களும் சேர்ந்து சிறை புகுந்தனர் என்பது இவண் நினைக்கத்தக்கது.

கரும்புத் தோட்டப் பாடலை வகுப்பில் பயிற்றும்போது மாணவர் கண் கலங்குவர். அத்துடன் பாடத்தை முடித்தால் பாடலுக்கும் நாம் முழு நீதி செய்தவராகோம். அப்பெண்கள் ஏன் சென்றனர்? யார் அழைத்துச் சென்றனர்? ஏன் திரும்பவில்லை? பாடல் எழுப்பும் இவ்வினாக்களுக்கு உரைநடை விடை கூறல் வேண்டும்.

விடை பின்வருமாறு அமையும். பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. தென்னாட்டார் ஏறத்தாழ 15,000 பேர். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்குரியது. அதனை அவர்கள் கிர்மித் என்று வழங்கினர். அக்ரிமெண்ட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. முழுவேலைக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று கூலி வகுக்கப்பட்டது. குறித்த அளவு வேலையை முடிக்காவிடில் கூலி குறையும். வேலைக்கு வராமை தண்டனைக்குரிய குற்றம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் விகிதத்தில் கப்பல் ஏற்றப்பட்டமையால் குடும்ப வாழ்வு சிதைந்தது. பெண்கள் பட்ட துன்பத்துக்கு இவ்விகிதம் ஒரு முக்கியக் காரணம். சி. எப். ஆண்ட்ரூஸ் 1915-இலும் 1917-இலும் பிஜிக்குச் சென்று கண்டு உண்மைகளை வெளிப்படுத்தினார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் ஆள்திரட்டல் நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 சனவரி 1-ஆம் நாள் நீக்கப்பட்டன.

இப்பத்தியில் ஒரு கண்ணீர்த் துளியும் இல்லை. எனினும் பாடலைப் படித்தபின் இதனைப் படிப்பவர், ஒன்பது பென்ஸ் என்னும் எண்ணருகே சற்று நிற்பர். பாட்டு எண்ணுக்கு உயிர் தருகின்றது. எண் பாட்டுக்குச் சான்று தருகின்றது. கதையையும் விளக்கத்தையும் இணைத்துப் பயிற்றுவதன் பயன் இதுவே.

கடையத்தில் கிடைத்த திருத்தம்

1918 நவம்பர் 20-ஆம் நாள் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ இருபத்தைந்து நாட்கள் சிறையிலிருந்து, டிசம்பர் 14-இல் விடுதலையானார். மனைவியின் ஊராகிய கடையத்தில் தங்கினார். அங்கே முஸ்லிம் மக்களுடன் அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. 1920 சூன் திங்களில் கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் முஸ்லிம் பெருமக்கள் கூட்டிய அவையில் இசுலாத்தின் பெருமை குறித்து உரையாற்றினார். அல்லாஹ்வின் புகழைப் பாடும் தம் பாடலையும் பாடினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உறுதியையும் ஈமானையும் வியந்து அவர் ஆற்றிய உரை 'சுதேசமித்திரன்' இதழில் வெளிவந்தது. இறைவன் ஆணைப்படி மக்கா துறந்து மதீனா சென்ற ஹிஜ்ரத்தையே ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகக் கொண்ட சமுதாயத்தின் நடுவே, பத்தாண்டுக் காலம் ஊர்துறந்து வாழ்ந்து மீண்ட ஒருவர் நின்று பேசினார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது.

அதே ஆண்டில் அவர் எழுதிய 'ரெயில்வே ஸ்தானம்' என்னும் கதை நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. உடன்பிறந்த பெண்கள் மூவரை மணந்த ஒரு முஸ்லிம் இளைஞன் படும் இன்னலை அக்கதை கூறிற்று. அதனைப் படித்த முஸ்லிம் நண்பர் ஒருவர், மனைவி உயிருடனிருக்க அவள் உடன்பிறந்தாளை மணப்பது இசுலாமியச் சட்டத்தில் விலக்கப்பட்டது என்பதைச் சுட்டிக் காட்டினார். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் இதனைத் தெளிவாக விலக்கியுள்ளது. பாரதியார் என்ன செய்தார்? கற்பனைக் கதைதானே என்று விட்டுவிடவில்லை. நண்பர் கூறியதை ஏற்று, திருத்தத்தை வாசகர் அறியக் குறிப்பாக எழுதினார்.

நாடறிந்த கவிஞர், அயலூர் நண்பர் ஒருவரின் திருத்தத்தை எழுத்தில் ஏற்றார். பிறர் வாழ்வைப் பற்றி எழுதுவோர் அனைவர்க்கும் இதிலொரு நெறி உண்டு. பிறருடைய துயரை நாம் உணரலாம். அவருடைய வழக்கத்தை நாம் ஊகித்து எழுதலாகாது. எவருடைய கதையை எழுதுகின்றோமோ அவரிடமே படித்துக்காட்டிப் பிழையிருப்பின் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். எழுதியவரின் பெருமை அதனால் குறைவதில்லை. எழுத்தின் நம்பகத்தன்மை வளர்கின்றது. நெஞ்சின் நேர்மையே நேரான எழுத்தைத் தரும் என்று வசனநடை பற்றி அவர் கொண்டிருந்த கொள்கைக்கு அவருடைய செயலே சான்றாயிற்று.

1920-ஆம் ஆண்டின் இறுதியில் பாரதியார் மீண்டும் 'சுதேசமித்திரன்' துணையாசிரியராகச் சென்னை சென்றார். 1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்குண்டு பிழைத்தார். பின்னர் வயிற்று நோயுற்று அதே ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் மறைந்தார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது நிறையவில்லை. எட்டயபுரத்தில் அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது.

நாம் செய்யத்தக்கது

பாரதியாரின் வாழ்வு நமக்குத் தரும் கட்டுரைப் பயிற்சி யாது? நம் கடற்கரையில் கதைக்குப் பஞ்சமில்லை. காயல்பட்டினத்தார் கொழும்பிலும், இரத்தின வணிகத்தின் பொருட்டு ஆங்காங்கிலும் சென்று வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். சீனர் கடல் கடந்து அமெரிக்கா சென்றதுபோல் நம்மவர் சீனக் கடற்கரை வரை சென்ற வரலாறு நம் தெருக்களிலேயே உண்டு. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையரையும் தமையன்மாரையும் உடைய மாணவர் நம் வகுப்புகளில் பலர். முத்துக்குளிப்பு 1961-க்குப்பின் நின்றுபோன பிறகு வேறு தொழில் நாடிச் சென்ற குடும்பங்களும் இக்கரையில் உண்டு. இம்மாணவர்களிடம் பயணக் கட்டுரை எழுதுக என்றால் கண்டிராத உதகமண்டலத்தை வருணிக்கின்றனர். வீட்டில் தொங்கும் படத்திலிருப்பவர் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் சென்றார் என்பதைக் கேட்டதில்லை. கேட்டறியக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை நாம் கவலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தில் அல்லது தெருவில் ஊர் பெயர்ந்து உழைத்த ஒருவரின் வாழ்வைக் கேட்டெழுதுதல் வேண்டும். முதலில் கதையாகக் கேட்க வேண்டும். அடுத்து அவர் சென்றதன் காரணம், கட்டிய பணம், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விதி, பெற்ற கூலி, மீண்ட ஆண்டு ஆகியவற்றை வினவிக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பேசுவதுபோன்ற எளிய தமிழில், அவ்வூரையும் அத்தொழிலையும் அறியாதவர்க்கு விளங்குமாறு எழுத வேண்டும். முடிவில் அக்கதைக்குரியவரிடமே அதனைப் படித்துக்காட்ட வேண்டும். அவர் திருத்தும் இடத்தில் திருத்த வேண்டும். கடையத்து நண்பர் சொல்லப் பாரதியார் செய்ததும் அதுவே.

இவ்வாறு எழுதப்படும் நூறு கட்டுரைகளில் சில சிறந்த நடையில் அமையலாம். பல எளிய நடையில் அமையும். முத்துச்சிப்பிகளைத் திறப்போர் அறிந்ததுபோல், எல்லாச் சிப்பியிலும் முத்து இராது. ஆயினும் திறவாத சிப்பியில் முத்திருந்தும் பயனில்லை. எழுதப்படாத வாழ்வும் அத்தகையதே. கரும்புத் தோட்டத்தில் மாண்ட பெண்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர்களைக் கேட்டெழுத அன்று அருகில் ஒருவரும் இல்லை. நம் வீட்டு முதியோருக்கு அருகில் எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் இன்று இருக்கின்றனர். அவர்கள் கையில் எழுதுகோலைத் தருவது தமிழ்த்துறையின் கடமையாகும்.